நெடுந்தீவுக்கு ஒருநாட் பயணம்



யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வருவோரும், யாழ்ப்பாணத்திலேயே வாழ்ந்தும் தீவகத்தைக் காணாதோரும், நெடுந்தீவுக்கு ஒருநாளிற் போய் வரலாமா என்று வினவுவதுண்டு. தாராளமாகப் போய் வரலாம். காலையிற் புறப்பட்டு, பொழுது சாயுமுன் வீடு திரும்பலாம். வெண்மணற் கரையையும், கட்டுப்பாடின்றித் திரியும் குதிரைகளையும், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையையும், ஆபிரிக்க நாட்டுப் பெருக்க மரத்தையும் ஒரே பகலிற் காணும் வாய்ப்பு இந்நாட்டில் வேறெங்கும் எளிதிற் கிட்டாது. ஆயினும் இப்பயணம் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போய் வருவது போன்றதன்று. அங்கே ஒரு பஸ் வண்டி தவறினால் மற்றொன்று வரும். இங்கே நடுவிற் கடல் கிடக்கின்றது. ஆதலின் இப்பயணத்தை எவ்வாறு திட்டமிடல் வேண்டும் என்பதையும், அத்திட்டத்தில் நமது வசதியோடு தீவில் வாழும் மக்களின் வசதியையும் ஏன் சேர்த்து எண்ணல் வேண்டும் என்பதையும் இன்று விளக்க விரும்புகிறேன்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். நெடுந்தீவு, பாக்கு நீரிணையில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே உள்ளது. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைதீவு, நெடுந்தீவு என்னும் ஏழினையும் சப்த தீவுகள் என்று சொல்லும் வழக்குண்டு. 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்கு இட்டனர். வேலணை லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டடாம் ஆயிற்று. அப்பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் மட்டும் இன்றும் ஆங்கில வழக்கில் நின்று நிலவுகின்றது. அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயர், ஆநிரை மிகுந்த இடமாதலின், இதனைப் பசுக்களின் தீவு என்று தம் மொழியில் அழைத்தனர். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவில் இன்று சில ஆயிரம் மக்களே வாழ்கின்றனர். மற்றைத் தீவுகள் சிலவற்றைப் போல இதற்குத் தாம்போதி இல்லை. படகே வழி.

இனிக் காலத்தைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். கடற்பயணத்துக்கு நாளைக் குறிக்குமுன் காற்றைக் கேட்கவேண்டும் என்பது கரையோர மக்களின் பழைய அறிவு. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், தெற்கிலிருந்து வருவதைச் சோளகம் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்றும் அவர்கள் பெயரிட்டு வழங்குவர். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். தாழமுக்கமும் புயலும் தோன்றக்கூடிய மாதங்கள் அவை. 1964 ஆம் ஆண்டு டிசம்பரில் பாக்கு நீரிணையைக் கடந்த புயல் தனுஷ்கோடியை அழித்ததை முதியோர் மறந்திரார். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் பலமாக வீசும். அப்பொழுது வானம் தெளிவாகவே இருக்கும். ஆயினும் கடல் கொந்தளிக்கும். வானத்தைப் பார்த்து மட்டும் புறப்படுவோர் இதனால் ஏமாறுவர். மழை ஓய்ந்து சோளகம் தொடங்குவதற்கு இடைப்பட்ட பெப்ரவரி, மார்ச், ஏப்ரில் மாதங்களே ஒருநாட் பயணத்துக்கு மிக உகந்தவை. மழையின் பயனாகப் புல்வெளிகள் அப்பொழுது முற்றாக வாடியிரா. கேணிகளிலும் குளங்களிலும் ஓரளவு நீர் இருக்கும். கடலும் பெரும்பாலும் அமைதியாய் இருக்கும்.

மாதத்தைத் தெரிந்தபின் நாளைத் தெரிதல் வேண்டும். நெடுந்தீவுக்குப் படகேறும் குறிகாட்டுவான் இறங்குதுறையே நயினாதீவுக்குப் போவோரும் கூடும் துறை. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் உள்ளன. ஆனி மாதத்தில் அம்மன் கோயில் மகோற்சவம் நடைபெறுங் காலத்திலும், பூரணை விடுமுறை நாட்களிலும் அத்துறையில் யாத்திரிகர் கூட்டம் நிறைந்திருக்கும். கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெப்ரவரி பிற்பகுதியிலோ மார்ச்சிலோ வரும். அந்நாட்களிலும் படகுகள் யாத்திரிகரை ஏற்றும் பணியில் ஈடுபடும். வழிபாடு நோக்கமாயின் அந்நாட்களிற் போகலாம். தீவைக் காண்பதே நோக்கமாயின் சாதாரண நாளொன்றைத் தெரிந்துகொள்ளல் நன்று.

இனிப் பாதையைப் பார்ப்போம். யாழ்ப்பாண நகரிலிருந்து குறிகாட்டுவான் முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் உள்ளது. பஸ் வண்டியிற் போவோர் ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளல் வேண்டும். கோட்டையைக் கடந்தவுடனே பண்ணைத் தாம்போதி தொடங்கும். அங்கு இருபுறமும் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பே யாழ்ப்பாணக் கடல்நீரேரி. ஆழங் குறைந்த இக்கடலை நம் மக்கள் பரவைக்கடல் என்பர். பல இடங்களில் நீர் இடுப்பளவே நிற்கும். ஆதலின் சிறு வள்ளங்களை நீண்ட கோல் ஊன்றியே செலுத்துவதைக் காணலாம். நீரினுள் வரிசையாகத் தடிகள் நாட்டி, வலை கட்டி, நீரோட்டத்தோடு வரும் மீன்களையும் இறால்களையும் ஒரு மூலைக்குத் திருப்பிப் பிடிக்கும் அமைப்பைச் சிறகுவலை என்பர். பறவையின் விரிந்த சிறகு போல இருபுறமும் நீண்டு நிற்றலின் அப்பெயர் பொருந்துவதே. மாரிகாலத்திலும் அதனை அடுத்த மாதங்களிலும் நீர்ப்பறவைகள் கூட்டமாக வந்து இரை தேடும். கண்ணாடிக்குப் பக்கத்து இருக்கையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பயணத்தின் முதற் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

வேலணையைக் கடந்தபின் மற்றொரு நீண்ட தாம்போதி புங்குடுதீவுக்கு நம்மைக் கொண்டு செல்லும். வாணர் பாலம் என்று மக்கள் அதனை அழைப்பர். புங்குடுதீவின் மேற்கு முனையில் குறிகாட்டுவான் இறங்குதுறை இருக்கின்றது. காலையில் முதலாவது படகைப் பிடிக்க எண்ணுவோர் யாழ்ப்பாணத்தை விடிந்தவுடன் விட்டாதல் வேண்டும். படகு புறப்படும் நேரங்கள் காலநிலைக்கும் படகுகளின் நிலைக்கும் ஏற்ப மாறுவதுண்டு. ஆகையால் நேற்று ஒருவர் சொன்ன நேரத்தை நம்பி இன்று புறப்படாது, முதல்நாள் மாலையில் விசாரித்து உறுதி செய்துகொள்ளல் வேண்டும். இறங்குதுறையில் நிற்கும் படகு நெடுந்தீவுக்கா நயினாதீவுக்கா செல்கின்றது என்பதையும் கேட்டறிந்தே ஏறுதல் வேண்டும்.

இங்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. தீவுக்குப் போகும் ஒருவர் முதலில் அறியவேண்டியது மீண்டு வரும் கடைசிப் படகின் நேரத்தையே. அது பெரும்பாலும் பிற்பகலில், நம் ஊர்களில் மாலைப்பொழுது தொடங்குமுன்னரே புறப்பட்டுவிடும். அந்நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். படகு புறப்பட அரை மணி நேரத்துக்கு முன் துறையில் நிற்கவேண்டும். தீவின் தொலைவான முனையிலிருந்து துறைக்கு வர முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளல் வேண்டும். உண்பதற்கும் இளைப்பாறுவதற்கும் ஒரு மணி நேரம் வேண்டும். இவற்றைக் கழித்துவிட்டால், காலை ஒன்பதரை மணியளவில் தீவில் இறங்கியவர்க்கு உண்மையாகச் சுற்றிப் பார்க்கக் கிடைப்பது மூன்று மணி நேரம் அளவே. அதற்கேற்பவே இடங்களைத் தெரிதல் வேண்டும்.

குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். பரவைக்கடலின் அமைதியை இங்கு எதிர்பார்த்தல் கூடாது. ஏழாற்றுப்பிரிவு என்று ஊரவர் சொல்லும் பகுதியில் நீரோட்டங்கள் கலந்து, அமைதியான நாளிலும் படகு ஓரளவு ஆடும். வெறும் வயிற்றோடும் வயிறு நிறைய உண்டும் ஏறாது, இலேசான காலை உணவோடு ஏறுதல் நன்று. உயிர்காப்பு அங்கி தரப்பட்டால் அதனைத் தலையணையாக்காது அணிந்துகொள்ளல் வேண்டும். பிள்ளைகள் நீந்தத் தெரிந்தவராயினும் அணிவித்தல் வேண்டும். படகின் ஒரு பக்கத்திலே கூட்டமாகச் சாய்ந்து நின்று கடலைப் பார்ப்பது ஆபத்தானது. படகு நிறைந்துவிட்டதென்று படகோட்டி சொன்னால் மறுவார்த்தை பேசாது அடுத்த படகுக்குக் காத்திருத்தலே முறை.

அந்தப் படகு யாருக்காக ஓடுகின்றது என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். நமக்கு அது ஒருநாட் பயணம். நெடுந்தீவாருக்கு அதுவே வீதி. தீவில் வைத்தியசாலை உண்டெனினும் மேற்சிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போதல் வேண்டும். காலைப் படகில் ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் கடமைக்குப் போகின்றனர். நேற்று வைத்தியசாலைக்கு வந்து, உறவினர் வீட்டில் இரவு தங்கி, மருந்துப் பையோடு ஊர் திரும்பும் முதியவரும் அதே படகில் இருப்பார். கடைக்குரிய சாமான்களும் எரிபொருளும் அதே கடல் வழியாகவே போகின்றன. ஒரு பாடசாலையின் நாற்பது மாணவர் முன்னறிவித்தலின்றிக் காலையில் வந்து இறங்குதுறையில் நின்றால், அம்முதியவர்க்கு இருக்கை இல்லாது போகலாம். ஓர் ஆசிரியர் பாடசாலைக்குப் பிந்திப் போகலாம். இதனை நான் ஒரு பாடசாலை அதிபர் என்ற முறையிலேயே சொல்கிறேன். பெருங் குழுவாகப் போவோர் பொதுப் படகை நம்பாது தனிப் படகொன்றை முன்கூட்டியே பேசிக்கொள்ளல் வேண்டும். அதற்கு ஆகும் செலவைப் பயணச் செலவில் முதலில் எழுதுங்கள். சிறு குடும்பமாகப் போவோர் பொதுப் படகிற் போகலாம். ஆயினும் நோயாளிக்கும் முதியோர்க்கும் கைக்குழந்தையோடு வருவோர்க்கும் இருக்கையை விட்டுக்கொடுத்தல் அவர் கடமை.

குமுதினி, வடதாரகை, 2017 இல் சேவையிற் சேர்ந்த நெடுந்தாரகை முதலிய படகுகளின் பெயர்கள் நெடுந்தீவு மக்களின் வாயிற் பிள்ளைகளின் பெயர்கள் போலப் புழங்குவன. அவற்றுட் குமுதினி என்னும் பெயரோடு ஆறாத் துயரொன்றும் சேர்ந்துள்ளது. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானை நோக்கி அப்படகிற் புறப்பட்ட பயணிகளுட் பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். தீவின் துறையாகிய மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவுத்தூபி உண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் ஊரவர் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். தீவில் இறங்கியவுடன் வாகனத்துக்கு விரையாது, அவ்விடத்திற் சிறிது நேரம் அமைதியாய் நின்று செல்லுதல் தகும். உடன்வரும் பிள்ளைகள் காரணங் கேட்டால் அவர்களுக்கு விளங்குமளவில் உண்மையைச் சொல்லுங்கள்.

மாவிலித்துறையில் இறங்கியபின் ஓட்டோக்களும் பிற வாகனங்களும் வாடகைக்குக் கிடைக்கும். எந்தெந்த இடங்கள், எத்தனை மணிக்குத் துறைக்குத் திரும்புதல், எவ்வளவு பணம் என்ற மூன்றையும் ஏறுமுன்னரே பேசி முடித்துக்கொள்ளல் வேண்டும். பணத்தைக் கையிலேயே கொண்டுசெல்லுங்கள்; அடையாள அட்டையும் உடன் இருக்கட்டும். மதிய உணவு தீவிலே வேண்டுமாயின் காலையிலேயே சொல்லி வைத்தல் வேண்டும். மூன்று மணிக்கு முன் கூட்டமொன்று திடீரென வந்து சோறு கேட்டால் சிறிய கடைக்காரர் என் செய்வார்? கட்டுச்சோறு கொண்டுபோவது எல்லாவற்றினும் நன்று. ஆனால் அதனைப் பொதிந்து வந்த தாளும் பையும் மீண்டும் உங்களோடு படகேறல் வேண்டும்.

தீவிற் காணத்தக்கவை பல. எல்லாவற்றையும் பார்த்துவிட எண்ணுவோர் எதனையும் பாராது திரும்புவர். துறைக்கும் ஊர் மையத்துக்கும் அண்மையில் உள்ளவற்றை முதலிற் பார்த்து, வெளிகளுக்கும் கரைக்கும் அடுத்ததாகப் போகலாம்.

வைத்தியசாலைக்கு அருகில் ஒல்லாந்தர் கோட்டை என்று வழங்கும் இடிபாடு நிற்கின்றது. போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் திருத்தியமைத்தனர் என்றும் கூறுவர். இரண்டு மாடிகளோடு விளங்கிய அக்கட்டடத்தின் சுவர்கள் முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனவை. முருகைக்கல் என்பது கடலில் வாழும் மிகச் சிறிய உயிர்களின் கூடுகள் கோடிக்கணக்கிற் சேர்ந்து இறுகியது. கையிலெடுத்துப் பார்த்தால் அதன் துளைகளையும் பூவேலை போன்ற அமைப்பையும் காணலாம். கையிலெடுத்ததைக் கீழே வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பயணியும் நினைவுக்கு ஒரு கல்லை எடுத்தால் கோட்டை நினைவில் மட்டுமே எஞ்சும். அங்கிருந்து சிறிது தூரத்தில் அந்நியர் ஆட்சிக் காலத்துப் புறாக்கூடு ஒன்றும் உள்ளது. தந்தி இல்லாத காலத்திற் கடலுக்கு அப்பாற் செய்தி அனுப்பப் புறாக்களை வளர்த்த இடம் அது.

தீவின் வீதிகளில் செல்லும்போது வளவுகளைச் சுற்றி நிற்கும் மதில்களைக் கவனியுங்கள். குடாநாட்டிற் கிடுகு வேலியும் ஓலை வேலியும் இருந்த இடத்தில் இங்கு முருகைக்கல் அடுக்கிய மதில் நிற்கும். சாந்து பூசாது, கல்லின் மேற் கல்லை இசைத்து அடுக்கிய மதில் அது. கல்லிடுக்குகளூடே காற்று புகுந்து போவதால் பலத்த சோளகத்துக்கும் அது நின்று பிடிக்கின்றது. ஆடு மாடுகள் பயிருக்குள் நுழையாது தடுக்கின்றது. படம் எடுப்பதற்காக அதன் மேல் ஏறி நின்றால் அடுக்குக் குலைந்துவிடும். அதனை மீண்டும் அடுக்கும் வேலை வீட்டுக்காரருக்கே வந்து சேரும்.

பெருக்க மரம் மற்றொரு காட்சி. ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்று கருதப்படும் இம்மரம் மன்னாரிலும் உண்டு. நெடுந்தீவிலுள்ள மரத்தின் அடியிற் பொந்து ஒன்றிருக்கின்றது. அதனுள்ளே சிலர் நுழைந்து நிற்கலாம். வறண்ட நாட்டு மரமாதலின் தன் பருத்த அடிமரத்தில் நீரைச் சேமித்து வைத்துக்கொண்டு, கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும். அவ்வேளை அதனைப் பட்டமரம் என்று எண்ணிவிடல் கூடாது. மரப்பட்டையிற் பெயர் செதுக்கும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே விலக்கி வைத்தல் பெற்றோர் கடன்.

வெடியரசன் கோட்டை என்று ஊரவர் வழங்கும் இடத்தில் முருகைக்கல்லாலான பழைய கட்டட எச்சங்கள் உள்ளன. வெடியரசன் என்னும் தலைவனைப் பற்றிய மரபுக் கதைகள் இத்தீவிற் பல. வளருங்கல் என்று மக்கள் மதித்துப் போற்றும் முருகைக்கற் பாறையும் உண்டு. தென்கோடியிற் கப்பல்களுக்கு அடையாளமாக எழுப்பப்பட்ட குவீன்ஸ் கோபுரம் நிற்கின்றது. இவை ஒன்றுக்கொன்று தூரத்தில் இருத்தலின், ஒரு பயணத்தில் இவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொண்டாற் போதும்.

நெடுந்தீவின் பெயரைப் பரப்பியவை அதன் குதிரைகளே. உயரங் குறைந்த இக்குதிரைகளுக்கு உரிமையாளர் இல்லை. அந்நியர் ஆட்சிக் காலத்திற் படைக்கும் பயணத்துக்கும் வேண்டிய குதிரைகளை இத்தீவில் வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆட்சியின் கீழ் நோலன் என்னும் படை அதிகாரி அப்பண்ணையை மேற்பார்வை செய்தார். பின்னர்ப் பண்ணை கைவிடப்பட்டது, குதிரைகள் எஞ்சின. அவற்றின் வழித்தோன்றல்களே இன்று வெளிகளில் மேய்கின்றன. 2015 ஆம் ஆண்டில் தீவின் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரைகளைத் துரத்தி ஓடவைத்துப் படமெடுப்பதும், விசுக்கோத்து முதலியவற்றை உண்ணக் கொடுப்பதும் தவறு. கடும் வறட்சி வந்த ஆண்டுகளில் நீரின்றிக் குதிரைகள் மடிந்ததுண்டு. வெயிலில் வீணே ஓடும் குதிரை, தன் உடலிலுள்ள நீரை இழக்கின்றது. தூரத்தில் நின்று அமைதியாகப் பார்ப்போர்க்கு அவை தாய் குட்டியோடு மேயும் இயல்பான காட்சி கிடைக்கும்.

இங்கு நீரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். இத்தீவில் ஆறு இல்லை. பெய்யும் மழையே நன்னீருக்கு மூலம். மழைநீர் முருகைக்கற் பாறையின் துளைகளூடே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு கண்ணாடி வில்லை போல மிதந்து நிற்கும். நன்னீர் பாரங் குறைந்ததாதலின் அவ்வாறு மிதக்கின்றது. நன்னீரின் மேல்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய பொதுக் கணக்கு. இக்கணக்கை மறுபுறமாகப் பார்த்தால் அச்சந் தோன்றும். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும். ஒருமுறை உவரான கிணற்றை மழை மீண்டும் இனிமையாக்கப் பல காலம் செல்லும். நல்ல நீருக்குப் பெயர்போன சாராப்பிட்டிக் கிணறுகளைத் தீவார் கண்ணெனப் போற்றுவதன் காரணம் இதுவே.

ஆகையால் ஒருநாள் விருந்தினர், தமக்கு வேண்டிய குடிநீரைத் தாமே கொண்டுசெல்லல் வேண்டும். ஒருவர்க்கு மூன்று லீற்றர் என்று கணக்கிடலாம். கடலிற் குளித்தபின் உப்புப்போக நன்னீரிற் குளிப்பதை வீடு திரும்பும்வரை தள்ளிவைக்கலாம். ஒரு போத்தல் நீரால் முகத்தையும் கைகால்களையும் கழுவினாற் போதும். தீவில் ஒருவர் வீட்டில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் இல்லையென்று சொல்லார். விருந்தோம்பல் அம்மக்களின் இயல்பு. அதனாலேயே கேட்பவர் அளவறிந்து கேட்டல் வேண்டும்.

இனிக் கடற்கரை. நெடுந்தீவின் கரையிற் சில இடங்களில் முருகைக்கல் பொடியான வெண்மணல் பரந்திருக்கும். வேறு சில இடங்களிற் பாறை நேரே நீரினுள் இறங்கும். பாக்கு நீரிணையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே. எனினும் ஆழங் குறைந்த இடங்களிற் பாறைகள் வெளித்தோன்றுவதும் மறைவதும் அதனால் நிகழும். வெறுங்காலோடு இறங்குவோர் காலைக் கிழித்துக்கொள்வர். இரப்பர்ச் செருப்போடு இறங்கலாம். மணலில் மறைந்து கிடக்கும் திருக்கை மீனை மிதித்தல் கூடாதென்பதற்காகக் கால்களைத் தூக்கி வையாது, தரையோடு இழுத்து நடப்பர் மீனவர். அம்முறையைப் பின்பற்றுங்கள். எந்தத் துறையிற் குளிக்கலாம் என்பதை ஊரவரிடம் கேட்டே இறங்குங்கள். நிழல் அரிதான தீவாதலின் குடையும் தொப்பியும் வேண்டும். நண்பகலில் வெண்மணலிலிருந்து மேலெழும் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். அந்நேரத்தை உணவுக்கும் இளைப்பாறலுக்கும் ஒதுக்கலாம். குளிப்போர் கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னரே கரையேறிவிடல் வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத் திட்டமிட்டும், காற்றுப் பலத்தால் படகு புறப்படாது போகலாம். அதற்கும் ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். கடல் இடங்கொடுக்குமாயின் அதே துறையிலிருந்து குறுகிய நேரத்தில் நயினாதீவுக்குப் போய் வரலாம். அதுவும் இயலாதெனின், திரும்பும் வழியில் வேலணைச் சாட்டிக் கடற்கரையில் இறங்கலாம். அல்லது வேறொரு பாதையாற் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குப் போகலாம். இவ்விரண்டுக்கும் படகு வேண்டாம். படகோடாத நாளில் யாராவது ஒருவர் கூடுதல் பணத்துக்குச் சிறு வள்ளத்தில் ஏற்றிச்செல்ல முன்வந்தால் அதனை மறுத்துவிடுங்கள். புறப்படுமுன்னரே பிள்ளைகளிடம், காற்று விட்டாற் போவோம், விடாவிட்டாற் சாட்டிக்குப் போவோம் என்று சொல்லிவைத்தால் அவர்கள் ஏமாற்றமடையார்.

நெடுந்தீவில் விலை கொடுத்து வாங்கத்தக்கனவும் உள. பனாட்டு, ஒடியல் முதலிய பனம்பொருட்களும், பனையோலைப் பெட்டிகளும், காய்ந்த மீனும் அங்கு கிடைக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாவற்றையும் வாங்கிச் சென்று, குப்பையை மட்டும் தீவில் விட்டுவருவது நல்ல விருந்தினர்க்கு அழகன்று. பிளாஸ்ரிக் போத்தல்களையும் பைகளையும் திரும்பக் கொண்டுவந்து, சிறிதளவு பணத்தைத் தீவில் விட்டுவருதலே தகும். உணவு மணம் படிந்த பைகளை மாடுகள் விழுங்கி நோயுறுகின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, காகிதமொன்றில் நான்கு வரிகளை எழுதிக்கொண்டாற் போதும். கடைசிப் படகின் நேரம் ஒன்று. ஆளுக்கு மூன்று லீற்றர் நீர் ஒன்று. காணப்போகும் மூன்று இடங்கள் ஒன்று. படகு ஓடாவிட்டாற் போகும் இடம் ஒன்று. இந்நான்கும் தெளிவாக இருந்தால் நாள் முழுவதும் மனம் அமைதியாய் இருக்கும். பிற்பகலில் மாவிலித்துறைக்கு அரை மணி நேரம் முந்தி வந்து சேர்ந்தால், பனங்கூடலையும் துறையையும் ஆறுதலாகப் பார்த்து நிற்கலாம். மருந்துக்காகவோ பள்ளிப் படிப்புக்காகவோ கடல் கடக்க நிற்கும் தீவார் ஒருவரை முதலில் ஏறவிட்டு, அவருக்குப் பின் நாமும் ஏறலாம்.